பச்சைச் சரிவில் ஏன் கை உடைகிறது? ஸ்நோபோர்டு பழகுபவர்களின் விபத்துகள் பற்றி ஒரு விளக்கம்

ஸ்நோபோர்டு என்ற பனிப்பலகை விளையாட்டைப் பழகப் போனவர் முதல் நாளே கையில் மாவுக்கட்டோடு திரும்பினார் என்று குளிர்காலம்தோறும் கேள்விப்படுகிறோம். கேட்டவுடன் செங்குத்தான மலையும் கண்மண் தெரியாத வேகமும்தான் மனதில் வரும். விசாரித்துப் பார்த்தால், அவர் விழுந்தது சின்னப் பிள்ளைகள் பழகுகிற மேட்டில், நடக்கிற வேகத்தில் என்று தெரியவரும். "அதுக்கேவா கை உடைஞ்சுது?" என்று வீட்டில் நம்பாமல் கேட்பார்கள்.

ஆமாம், அதற்கே உடையும். ஸ்நோபோர்டில் புதியவருக்கு ஆபத்து மலை உச்சியில் காத்திருப்பதில்லை. முதல் சில நாட்களில், பச்சை நிறத்தால் குறிக்கப்படும் சாய்வு குறைந்த சரிவில், மெதுவாகப் போகும்போதுதான் அது வருகிறது. காரணம் அந்தப் பலகை வேலை செய்யும் விதம். அது புரிந்துவிட்டால் எந்த எலும்பு உடையும், ஏன் உடையும், எதை முன்கூட்டியே தடுக்கலாம், எதை "வெறும் சுளுக்குதான்" என்று விட்டுவிடக் கூடாது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

பலகையும் விளிம்பும்

ஸ்நோபோர்டு என்பது ஒரே பலகை. அதன் மேல் பக்கவாட்டில் நின்று பனியில் இறங்க வேண்டும். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீ பலகைகளை (காலுக்கு ஒன்றாகப் பூட்டிப் பனியில் சறுக்கும் நீளப் பலகைகள்) ஒன்றாக இணைத்துச் செய்த 'ஸ்னர்ஃபர்' என்ற விளையாட்டுப் பொருள்தான் இதற்கு முன்னோடி. 1977-ல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட்டில் பலகை தயாரிப்பில் இறங்கினார். 1998-ல் ஜப்பானின் நகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் போட்டி விளையாட்டாகச் சேர்ந்தது.

ஸ்கீயோடு ஒப்பிட்டால் மூன்று வித்தியாசங்கள் முக்கியமானவை.

1. இரண்டு பாதமும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். தடுமாறினால் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வழியில்லை.
2. பாதத்தைப் பலகையோடு பிணைக்கும் 'பைண்டிங்' விழும்போது கழன்றுகொள்ளாது. ஸ்கீயில் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் போனால் காலணி தானாக விடுபடும்படி அமைப்பு உண்டு. ஸ்நோபோர்டில் விழுந்து உருண்டாலும் பலகை காலோடுதான் வரும். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. இரண்டு காலும் சேர்ந்தே திரும்புவதால் முழங்கால் முறுக்கிக்கொள்வது குறைவு. ஸ்கீ ஆடுபவர்களை அதிகம் வாட்டும் முழங்கால் தசைநார்க் கிழிசல் இவர்களிடம் குறைவாக இருப்பது இதனால்தான்.
3. கையில் கோல் கிடையாது. எனவே விழும்போது கை வெறுமனே நீளும். நேராகத் தரைக்குத்தான் போகும்.

பலகையின் இரு நீளப் பக்கங்களிலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. குதிகால் பக்கம் இருப்பது குதிகால் விளிம்பு, விரல் பக்கம் இருப்பது விரல் விளிம்பு. பலகையை நிறுத்துவது, திருப்புவது, வேகத்தைக் குறைப்பது எல்லாமே இந்த விளிம்புகளைப் பனியில் எவ்வளவு சாய்த்து அழுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. சரிவின் குறுக்கே பலகையை வைத்து நிற்கும்போது மலையின் மேல்பக்கம் இருக்கும் விளிம்பு பனியைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கீழ்ப்பக்க விளிம்பு சற்றுத் தூக்கியிருக்க வேண்டும். பாடம் முழுக்க இந்த ஒரு விதிதான். விபத்தும் இந்த விதி தவறும்போதுதான் வருகிறது.

எதிர் விளிம்பு பிடித்துக்கொள்ளும் கணம்

புதியவர் ஒருவர் குறுக்காக நின்றபடி மெல்லக் கீழே வழுக்குகிறார். பயத்தில் உடம்பு விறைக்கிறது, முழங்கால் நேராகிறது, பலகை தட்டையாகிவிடுகிறது. தூக்கியிருக்க வேண்டிய கீழ்விளிம்பு ஒரு நூல் அளவு இறங்கிப் பனியில் குத்துகிறது. அவ்வளவுதான். பலகை அந்த இடத்திலேயே நின்றுவிடும். உடம்பு நிற்காது. ஓடுகிற சைக்கிளின் முன்சக்கரம் கல்லில் மாட்டினால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவதைப் போலத்தான் இதுவும். கண் இமைப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார். கையை எங்கே வைக்கலாம் என்று யோசிக்க நேரமே இருக்காது.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் காயம் மாறும்.

1. கீழே பார்த்தபடி, குதிகால் விளிம்பில் வழுக்கும்போது விரல் விளிம்பு குத்தினால் முன்னால் விழுவார். முழங்காலும் உள்ளங்கையும் அடி வாங்கும்.
2. மலையைப் பார்த்தபடி, விரல் விளிம்பில் வழுக்கும்போது குதிகால் விளிம்பு குத்தினால் மல்லாந்து விழுவார். அதுவும் சரிவின் கீழ்ப்பக்கமாக. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதுகும் பின்மண்டையும் தரையில் மோதும்.
3. விளிம்பு குத்தாமல் வெறுமனே வழுக்கிவிட்டு உட்கார்ந்தால் வால் எலும்பில் அடி விழும். பின்னால் ஊன்றிய கை மணிக்கட்டில் மடங்கும்.

இரண்டாவதுதான் மிகவும் மோசம். நகானோ பகுதியின் ஸ்கீ மலைகளிலிருந்து வந்த தலைக்காயங்களை 1990-களில் ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர்கள் இதைத்தான் கண்டார்கள். புதியவர்கள், சாய்வு குறைந்த சரிவு, பின்பக்க வீழ்ச்சி, பின்மண்டையில் அடி. மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் கசியும் ஆபத்தான காயங்கள் இந்த வகை வீழ்ச்சியோடு சேர்ந்து வந்தன.

மெதுவாகப் போனவருக்கு இவ்வளவு பலத்த அடி எப்படி என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.7 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருளை விட்டால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர். பாதம் பூட்டிய நிலையில், உடம்பு மடங்காமல், பாதத்தை மையமாகக் கொண்டு விறைப்பாகச் சாய்ந்தால் தலையின் வேகம் இன்னும் கூடி 25-ஐத் தொடும். இதில் பலகையின் வேகத்தை நாம் சேர்க்கவே இல்லை. நின்ற இடத்தில் சாய்ந்தாலே இந்த வேகம். தரையும் அவர் விழும் பக்கமாகக் கீழிறங்குவதால் தலை இன்னும் கொஞ்சம் கூடுதல் தூரம் விழுகிறது. இடுப்பும் முழங்காலும் மடங்கி, உட்கார்வதுபோல் விழுந்தால் இந்த வேகம் நன்றாகக் குறையும். பயிற்சியாளர்கள் "உட்காரு, உட்காரு" என்று கத்துவதற்கு இதுதான் காரணம்.

பனி என்றால் பஞ்சு என்ற நினைப்பும் ஏமாற்றுகிறது. புதிதாகப் பெய்த பனி மென்மையானது, சரி. ஆனால் பழகும் சரிவுகளில் இயந்திரம் ஓட்டி அழுத்திய பனிதான் இருக்கும். பகலில் இளகி இரவில் உறைந்த பனி, காலை ஒன்பது மணிக்குச் சிமென்ட் தரைக்குக் குறைந்ததில்லை.

மணிக்கட்டு: அதிகம் உடைவது, எளிதில் தடுக்கக்கூடியது

ஸ்நோபோர்டில் அதிகம் அடிபடும் இடம் மணிக்கட்டு. நீட்டிய உள்ளங்கையில் உடம்பின் முழு எடையும் இறங்கும்போது மணிக்கட்டு பின்னால் வளைகிறது. முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் 'ரேடியஸ்' எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடைகிறது. உடைந்த நுனி கையின் புறப்பக்கம் தள்ளிக்கொண்டால் அதற்குப் பெயர் கோலிஸ் முறிவு. டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1814-ல் இதை விவரித்தார். கையைப் பக்கவாட்டில் பார்த்தால் முட்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு வளைவு தெரியும்.

எலும்பு நகராமல் இருந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டு போதும். நகர்ந்திருந்தால் மரத்துப்போகச் செய்து இழுத்துச் சரிப்படுத்துவார்கள். அதிலும் நிற்காவிட்டால் தட்டு வைத்துத் திருகாணி போடும் அறுவை சிகிச்சை. பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் தட்டுப் பகுதியில் உடைந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அந்தத் தட்டு கெட்டால் ஒரு பக்கம் மட்டும் வளர்ச்சி நின்றுபோகலாம்.

இந்த முறிவைத் தடுக்க ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. 'ரிஸ்ட் கார்டு' எனப்படும் மணிக்கட்டுக் காப்பு. கையுறைக்குள்ளோ மேலோ மாட்டிக்கொள்ளலாம். உள்ளங்கைப் பக்கமோ புறங்கைப் பக்கமோ ஒரு பட்டை இருக்கும். மணிக்கட்டு அளவுக்கு மீறி வளையாமல் அது பிடித்துக்கொள்ளும், அடியின் விசையையும் கொஞ்சம் பரப்பிவிடும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. நார்வேயின் ஹாஃப்யெல் மலையில் 5,000-க்கும் மேற்பட்ட ஸ்நோபோர்டர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2001-ல் வெளியாகின. காப்பு அணிந்த பிரிவில் 8 பேருக்கு மணிக்கட்டில் காயம், அணியாத பிரிவில் 29 பேருக்கு. இவ்வளவு மலிவான ஒரு பொருளுக்கு இவ்வளவு தெளிவான பலன் கிடைப்பது விளையாட்டு மருத்துவத்தில் அபூர்வம். மணிக்கட்டைக் காப்பாற்றினால் அடி முன்கைக்கு ஏறிவிடும் என்றொரு வாதம் உண்டு. காப்பின் மேல்முனை அருகே முறிந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மொத்தக் கணக்கைப் பார்க்கும்போது காப்பின் பக்கம்தான் தராசு சாய்கிறது. புதியவருக்கு அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நல்லது. 2020-ல் ஸ்நோபோர்டு மணிக்கட்டுக் காப்புக்கென்றே ஐஎஸ்ஓ 20320 என்ற சர்வதேசத் தரநிலையும் வந்துவிட்டது.

இருந்தும் வாடகைக் கடைகளில் பலகை, காலணி, ஹெல்மெட் மூன்றையும் எடுத்து நீட்டுவார்கள், மணிக்கட்டுக் காப்பை நாமே கேட்டால்தான் தேடுவார்கள். இல்லையென்றும் சொல்லலாம். இதை ஒரு பெரிய குறையாகவே பார்க்கிறேன். பயணத்துக்கு முன் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்வது நல்லது.

தலை: "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லும் நேரம்

2009 மார்ச் 16. கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் உள்ள மோன் ட்ராம்ப்லான் மலை. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் புதியவர்களுக்கான சரிவில், பயிற்சியாளரோடு ஸ்கீ பழகும்போது விழுந்தார். ஹெல்மெட் போடவில்லை. வெளிக்காயம் எதுவும் தெரியவில்லை. பேசினார், சிரித்தார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. அப்புறம்தான் தலைவலி தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 18 அன்று, 45 வயதில் நியூயார்க்கில் இறந்தார். மண்டை ஓட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது.

அது ஸ்கீ விபத்து என்றாலும் இங்கே அதைச் சொல்லியாக வேண்டும். சாய்வு குறைந்த சரிவு, சாதாரண வீழ்ச்சி, நன்றாகப் பேசும் நோயாளி என எல்லாமே அப்படியே ஸ்நோபோர்டுக்கும் பொருந்துகிறது. மண்டை ஓட்டின் உட்பக்கம் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்தால் ரத்தம் தேங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவேளையில் அடிபட்டவர் தெளிவாகவே இருப்பார். தேங்கிய ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கும்போது நிலைமை மளமளவென்று மோசமாகும். சரியான நேரத்தில் சிடி ஸ்கேன் எடுத்து, மண்டையைத் திறந்து ரத்தத்தை வெளியேற்றினால் பிழைத்து முழுதாகத் தேறுபவர்கள் நிறைய. நேரம்தான் எல்லாம்.

தலையில் அடிபட்டவரிடம் கீழ்க்கண்ட எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்:

1. நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் தலைவலி
2. திரும்பத் திரும்ப வாந்தி
3. தூக்கக் கலக்கம், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை
4. குழறும் பேச்சு, குழப்பம், கேட்டதையே மறுபடி கேட்பது
5. கண்ணின் பாவை இரண்டும் ஒரே அளவில் இல்லாமை
6. கை கால் பலவீனம், வலிப்பு
7. சிறிது நேரமே ஆனாலும் நினைவு தப்பியது

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே கூடாது. மதுவும் பெரிய இடைஞ்சல். இரவில் குடித்துவிட்டுத் தூங்குபவரின் மயக்கம் போதையா, மூளைக் கசிவா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

ஸ்கேனில் எதுவும் தெரியாமலும் மூளை குலுங்கியிருக்கலாம். இதைத்தான் 'கன்கஷன்' என்கிறார்கள். தலைசுற்றல், வெளிச்சம் பிடிக்காமை, கவனம் சிதறுவது சில நாள் இருக்கும். அன்றைக்கு மறுபடி பலகையில் ஏறக் கூடாது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். முழுதாகத் தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் பாதிப்பு பல மடங்காகும்.

ஹெல்மெட் எவ்வளவு காக்கும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், தலைக்காய வாய்ப்பை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1077-ன்படி ஹெல்மெட்டை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள். மோதும் வேகம் மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள், நின்ற இடத்தில் விழுபவரின் தலை வேகம் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆக, பழகும் சரிவில் விழுபவருக்குத்தான் ஹெல்மெட் மிகப் பொருத்தமாக வேலை செய்கிறது. மண்டை ஓடு உடைவதையும் நேரடி அடியையும் நன்றாகத் தடுக்கும். தலை வெடுக்கென்று சுழல்வதால் வரும் கன்கஷனை அவ்வளவு தடுக்காது. ஹெல்மெட் போட்டிருந்தார் என்பதால் மேலே சொன்ன அறிகுறிகளைக் கவனிக்காமல் விடக் கூடாது.

சுளுக்கு என்று ஏமாற்றும் இரண்டு முறிவுகள்

ரேடியஸ் உடைந்தால் கை கோணும், வீங்கும், யாருக்கும் தெரியும். நான் அதிகம் பயப்படுவது வெளியே தெரியாத இரண்டு முறிவுகளுக்கு.

முதலாவது, மணிக்கட்டில் கட்டைவிரலின் அடியில் இருக்கும் 'ஸ்கேஃபாய்டு' என்ற முந்திரிப் பருப்பு அளவு எலும்பு. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், இரண்டு தசைநார்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதென்றால் ஸ்கேஃபாய்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் விரல்பக்க முனையிலிருந்து நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகலாம். எலும்பு கூடாமல் நின்றுவிட்டால் சில ஆண்டுகளில் மணிக்கட்டே தேய்ந்து மூட்டுவாதம் வரும்.

சிக்கல் என்னவென்றால், அடிபட்ட அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது சகஜம். அதனால் குழியில் வலி இருந்தால் படம் சுத்தமாக இருந்தாலும் கட்டுப் போட்டு அனுப்பி, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ பார்ப்பார்கள். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம், சுளுக்குதான்" என்று ஊருக்கு வந்து, எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கு எடுக்கப் போய்விடுவார்கள். உடைந்த ஸ்கேஃபாய்டை உருவிவிடுவது, கூட வேண்டிய எலும்பைத் தினமும் பிரித்துவிடுவதற்குச் சமம். தயவுசெய்து அந்த இரண்டாவது எக்ஸ்ரேக்குப் போங்கள்.

இரண்டாவது, கணுக்காலில். குதிகால் எலும்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும் 'டேலஸ்' எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு நீட்சி உண்டு. அது உடைவதற்கு மருத்துவர்களிடையே 'ஸ்நோபோர்டர் முறிவு' என்றே பெயர். மற்றவர்களிடம் அபூர்வமாகவும் ஸ்நோபோர்டர்களிடம் அடிக்கடியும் வருவதால் வந்த பெயர் அது. தாவி இறங்கும்போது மென்மையான காலணிக்குள் பாதம் மேல்நோக்கி மடங்கித் திருகும்போது இது நடக்கிறது. வலியும் வீக்கமும் கணுக்காலின் வெளிப்புறம், எலும்பு முட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும். சாதாரணக் கணுக்கால் சுளுக்கு வலிக்கும் அதே இடம். எக்ஸ்ரேயிலும் நழுவிவிடும், சிடி ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். கவனிக்காமல் நடந்துகொண்டே இருந்தால் மேடுபள்ளத்தில் காலைச் சமன்செய்யும் கீழ்மூட்டு நிரந்தரமாகக் கெடும். எனவே ஸ்நோபோர்டு ஆடிய பிறகு கணுக்காலின் வெளிப்பக்க வலி ஓரிரு வாரத்தில் தணியவில்லை என்றால், மருத்துவரிடம் "ஸ்நோபோர்டில் அடிபட்டது" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். பனி பார்க்காத ஊரில் இருக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு தகவலே திசை காட்டும்.

இவை போக, தோள்மூட்டு நழுவுவதும் காறை எலும்பு உடைவதும் உண்டு. இடது விலாவின் கீழே அடிபட்டு, வயிறும் இடது தோளும் வலித்தால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். அது அவசர நிலை.

விழுந்த பிறகு சரிவிலேயே செய்ய வேண்டியவை

1. அடிபட்டவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், நினைவுக் குழப்பம் இருந்தால் அசைக்கவே வேண்டாம். ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம்.
2. சற்று மேலே, மேலிருந்து வருபவர் கண்ணில் படும்படி ஒரு பலகையைப் பனியில் குத்தி வையுங்கள். இரண்டாவது மோதல் முதல் அடியைவிட மோசமாக முடியலாம்.
3. மலையின் மீட்புக் குழுவை அழையுங்கள். அவர்கள் எண்ணை ஏறும் முன்பே போனில் பதிந்துகொள்வது நல்லது. எந்தச் சரிவு, எந்தக் கம்பத்துக்குப் பக்கம் என்று சொல்ல வேண்டும்.
4. உடைந்த கையை இருக்கும் நிலையிலேயே உடம்போடு சேர்த்துத் துணியால் தாங்குங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ அவசரம் என்று சொல்லுங்கள்.
5. குளிர் ஏறாமல் மேலே போர்த்துங்கள். அடிபட்டவருக்குக் கீழேயும் ஏதாவது விரியுங்கள், பனித்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

கணுக்கால் என்றால் மீட்புக் குழு வரும்வரை காலணியைக் கழற்ற வேண்டாம். காலணியே தாங்கலாக இருக்கும்.

முதல் நாளைப் பாதுகாப்பாக்குவது

நண்பர் சொல்லிக்கொடுப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். நன்றாக ஆடத் தெரிந்த நண்பர் பெரும்பாலும் நேராக லிஃப்டில் (மலைமேல் கொண்டுபோகும் கம்பி நாற்காலி) ஏற்றி உயரத்துக்குக் கொண்டுபோய்விடுவார். பயிற்சியாளர் சமதளத்தில் தொடங்குவார். முதலில் ஒரு காலை மட்டும் பூட்டித் தள்ளிப் பழகுவது, அப்புறம் குதிகால் விளிம்பில் வழுக்கி நிற்பது, பிறகு விரல் விளிம்பு, அதன் பிறகே திருப்பம். எந்தக் கால் முன்னால் வரவேண்டும் என்பதையும் அவர் பார்த்துச் சொல்வார். இடது கால் முன்னால் என்றால் 'ரெகுலர்', வலது கால் என்றால் 'கூஃபி'. தவறான பக்கம் பூட்டிவிட்டால் நாள் முழுக்கத் தடுமாற்றம்தான்.

விழுவதையும் பழக வேண்டும். பின்னால் விழுந்தால் தாடையை மார்போடு ஒட்டி, கைகளை மார்பில் மடக்கி, உட்கார்ந்து உருள வேண்டும். முன்னால் விழுந்தால் முதலில் முழங்கால், அப்புறம் மூடிய முஷ்டியோடு முன்கை முழுவதும். விரித்த உள்ளங்கை மட்டும் வேண்டாம். சமதளத்தில் பத்துப் பதினைந்து முறை வேண்டுமென்றே விழுந்து பார்த்தால் உடம்புக்கு அது பதிந்துவிடும். சொல்லித் தந்தாலும் பயத்தில் கை தானாக நீளும் என்பதால்தான் மணிக்கட்டுக் காப்பு. வால் எலும்புக்குப் பஞ்சு வைத்த கால்சட்டை கிடைக்கிறது.

விளிம்பு உடனே குத்தாதபடி இரு பக்கமும் சற்று மேலெழும்பிய அடிப்பாகம் உள்ள பழகுநர் பலகைகள் உண்டு. வாடகைக்கு எடுக்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம். காலணிக்குள் குதிகால் மேலெழும்பக் கூடாது. எழும்பினால் நீங்கள் சாய்வது பலகைக்குப் போய்ச் சேராது.

லிஃப்டிலிருந்து இறங்கும் இடமும் ஆபத்தானது. ஒரு கால் பூட்டியும் ஒரு கால் விட்டும் இருக்கும் நிலையில் விழுந்தால், ஸ்நோபோர்டில் அரிதான முழங்கால் முறுக்கு அங்கேதான் வரும். முதல் நாள் நகரும் பட்டையில் ஏறும் சரிவே போதும். சரிவின் நடுவிலும், மேலிருந்து வருபவருக்குத் தெரியாத மேட்டின் கீழும் உட்காராதீர்கள். சர்வதேச ஸ்கீ, ஸ்நோபோர்டு கூட்டமைப்பின் பத்து நடத்தை விதிகளின்படி முன்னால், அதாவது கீழே போகிறவருக்கே முன்னுரிமை. ஆனால் கண்ணில் படாதவருக்கு யாரும் வழிவிட முடியாது.

இந்தியாவில் பழகப் போகிறவர்கள் பெரும்பாலும் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகிறார்கள். ஊரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,980 மீட்டர் வரை கொண்டுபோய்விடும். அங்கிருந்து கீழே வருவது பனிச்சரிவு அபாயமுள்ள திறந்த மலை. பழகுபவருக்கு அங்கே வேலையே இல்லை, கீழ்த்தளத்துச் சரிவுகள் போதும். மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மலையேற்றப் பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. பெரிய மருத்துவமனை என்றால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீநகருக்குத்தான் போக வேண்டும். பனி கொட்டும் நாளில் அந்தச் சாலை நேரத்தைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உயரத்துக்கு உடம்பு பழக முதல் நாள் ஓய்வெடுத்து, நிறையத் தண்ணீர் குடித்து, மறுநாள் தொடங்குவதே நல்லது. களைப்பு ஏறும் பிற்பகலில் "கடைசியா ஒரு தடவை" என்று ஏறாதீர்கள்.

செலவு யார் தலையில்?

சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் பனி விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. சேர்த்த பிறகும் குறியிட்ட சரிவுக்கு வெளியே போனால் செல்லாது என்ற நிபந்தனை இருக்கலாம். எடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: மலையிலிருந்து மீட்கும் செலவு சேர்ந்ததா, ஹெலிகாப்டர் சேர்ந்ததா, நீங்கள் இன்னொருவர் மேல் மோதினால் அவருக்கான இழப்பீடு சேர்ந்ததா. கடைசியாகச் சொன்னதை இத்தாலி 2022 ஜனவரி முதல் ஸ்கீ சரிவில் ஏறும் எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு தகவல். ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துகளுக்கும் சட்டப்படி விபத்துக் காப்பீடு உண்டு. ஸ்நோபோர்டு விபத்தும் அதில் அடங்கும். வேலைக்குப் போகாத துணைக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் காப்பீடு பொருந்தாது, அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டில் விபத்துப் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பள்ளியில் பனி விளையாட்டு வாரத்துக்குப் பிள்ளையை அனுப்பும் முன் அந்தத் தாளை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

எந்த நாடானாலும், மீட்புக் குழு எழுதும் விபத்து அறிக்கையின் நகலை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் சிடியிலோ போனிலோ எடுத்து வாருங்கள். இழப்பீடு கேட்கவும், ஊரில் இரண்டாவது எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவர் முதல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அவை தேவைப்படும்.